ஒன்பதாம் மாசம்: இடுப்பைப் பிடித்துவிடலாமா, எங்கே கை வைக்கக் கூடாது?

வணக்கம் மக்களே. படம் கொஞ்சம் சாய்ந்து தெரிகிறதா? இட்லிப் பானையைக் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்திருக்கிறேன். குனிந்து சரி செய்ய இப்போது என்னால் ஆகாது, அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். இன்றோடு 33 வாரம். இரண்டாவது பிள்ளை என்பதால் வளைகாப்பு கிடையாது, அதனால் போன தடவை மாதிரி பேசப் பேச வளையல் சத்தம் வந்து வீடியோ கெடாது. அந்த மட்டும் லாபம்.

இன்றைக்கு மசாஜ். அந்த வார்த்தையைக் கேட்டதும் மெழுகுவர்த்தி, பூ மிதக்கிற தண்ணீர் எல்லாம் ஞாபகம் வரும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. 24 வாரத்தில் ஒரு ஸ்பாவுக்குப் போனேன், பெயர் வேண்டாம். கர்ப்பம் என்று சொல்லித்தான் போனேன், வயிறும் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பெண் என்னை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு காலிலிருந்து ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் இருக்கும், நெற்றி வேர்த்தது, குமட்டியது, காது அடைத்தது. ஏதோ தோன்றி இடது பக்கம் ஒருக்களித்தேன், இரண்டு நிமிஷத்தில் உயிர் வந்தது. மறுநாளே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன், எனக்குக் கிடைத்தது திட்டு. காரணம் இதுதான்: உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற பெரிய சிரை முதுகெலும்பை ஒட்டி, கொஞ்சம் வலது பக்கமாகப் போகிறது. ஏறக்குறைய 20 வாரத்துக்கு மேல் கர்ப்பப்பை கனத்துவிடும், மல்லாக்கப் படுத்தால் அது அந்தச் சிரையின் மேல் அமர்ந்து அமுக்குகிறது, இதயத்துக்கு வருகிற ரத்தம் குறைகிறது, பிரஷர் இறங்குகிறது, அதனால்தான் அந்த மயக்கம். எல்லாருக்கும் வராது, எனக்கு வந்தது. அன்றிலிருந்து ஸ்பா ஆசை விட்டது. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் என் வீட்டுக்காரர்தான் மசாஜ்காரர்.

அவர் கை ஆரம்பத்தில் எப்படி இருந்தது தெரியுமா, பரோட்டா மாவு அடிக்கிற மாதிரி. இப்போது தேறிவிட்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறேன், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு பழைய புடவையை மடித்து வைக்கிறேன், அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு வரத் தேய்த்துக்கொண்டு, முதுகெலும்பின் மேல் படாமல் அதன் இரண்டு பக்கச் சதையிலும் கீழிருந்து மேலாக நீவிவிடுவார். அத்தை நல்லெண்ணெய்தான் குளிர்ச்சி என்கிறார்கள், எனக்கு அந்த வாசனையே இப்போது ஆகவில்லை, அவ்வளவுதான் விஷயம். இடுப்புக்குக் கீழே தட்டையாக ஒரு எலும்பு இருக்கிறது பாருங்கள், புட்டத்துக்கு மேலே, அங்கே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துத் தேய்க்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருக்கச் சொல்வேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் நாள் முழுக்கக் காத்திருக்கிறேன். மொத்தமே இருபது நிமிஷம். பெரியவளுக்கு நாலு வயது, அவளும் வந்து பாதத்தைச் சப்பாத்தி மாவு என்று பிசைவாள், அது இலவச இணைப்பு.

இதனால் இடுப்பு வலி போய்விடுமா என்றால், போகாது. மூட்டுகளைக் கட்டிவைத்திருக்கிற தசைநார்களை ஹார்மோன்கள் தளர்த்துகின்றன, வயிறு முன்னால் இழுக்கிறது, நாம் பின்னால் வளைந்து நிற்கிறோம், இந்தக் கணக்கைத் தேங்காய் எண்ணெய் மாற்றிவிடாது. இரவு தூக்கம் வரும், காலையில் வலி மறுபடி வரும். அந்தத் தூக்கம் எனக்குப் போதும்.

கால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். சாயங்காலம் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் தடம் பதிகிறதே, அது பெரும்பாலும் சாதாரணம். பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி, இறகால் தடவுகிற மாதிரி நீவிவிட்டு, காலை உயரமாக வைத்தால் குறையும். ஆனால் கெண்டைக்காலைப் பிசைந்து, முறுக்கி அமுக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறைகிற தன்மை இயல்பாகவே கூடுகிறது, காலின் ஆழ்சிரையில் ஒரு கட்டி இருந்து, அதை நாம் அமுக்கி, அது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக, வலியோடு இருந்தால் எண்ணெயே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. நடுராத்திரி கெண்டைச் சதை இழுத்துப் பிடிக்கிறதே, அது வேறு. அப்போது முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கச் சொல்லுங்கள், விட்டுவிடும்.

அப்புறம், முகமும் கையும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலி, கண் முன்னால் மினுக்மினுக் என்று ஏதாவது தெரிந்தால், ‘நீர் கோர்த்திருக்கிறது, பார்லித் தண்ணீர் குடி, காலைப் பிடித்துவிடுகிறேன்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது பிரஷர் ஏறியதற்கான அறிகுறியாக இருக்கலாம். 140-க்கு 90 தொட்டாலே டாக்டர்கள் விடமாட்டார்கள்.

வயிறு. இங்கே நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். போன மாசம் எங்கள் தெருவில் ஒரு பாட்டி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு வா, தடவித் திருப்பிவிடுகிறேன் என்றார். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து பலமாகத் தள்ளினால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடக்கூடும், உள்ளே ரத்தம் கொட்டும், வெளியே தெரியாமலும் போகலாம். டாக்டர்களும் பிள்ளையைக் கையால் திருப்புகிறார்கள்தான், ஆனால் அது 36, 37 வாரம் ஆன பிறகு, ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டு, அவசரமென்றால் ஆபரேஷனுக்குத் தயாராக வைத்துக்கொண்டு செய்வது. திண்ணையில் செய்கிற வேலை இல்லை. அரிப்புக்கு நீங்களே மெதுவாக எண்ணெய் தடவிக்கொள்வது வேறு, தாராளமாகச் செய்யுங்கள்.

எல்லார் வீட்டிலும் ஒரு வலி நிவாரணி டப்பா இருக்குமே, அதையும் எடுத்துப் பின்னால் படியுங்கள். மெத்தில் சாலிசிலேட், கற்பூரம் என்று போட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தினமும் பூசாதீர்கள், தோல் வழியாக உள்ளே போகும். முதல் மூன்று மாசம் மசாஜே கூடாதா என்றால், மெதுவாகத் தோளை, காலைப் பிடித்துவிட்டதால் கரு கலைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கலைவது பெரும்பாலும் அந்த மாசங்களில்தான் என்பதால் பழி தன் மேல் விழும் என்று பல இடங்களில் தொட மாட்டார்கள். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் கீழே இருப்பது, பிரஷர், முன்பு குறைமாசப் பிரசவம், இதில் எது இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான்.

கடைசியாக ஒன்று. பெரியவள் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ அறையில் துணைக்கு அம்மாவை விட்டார்கள். வலி வருகிற ஒவ்வொரு முறையும் அம்மா அதே தட்டை எலும்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார், கை மரத்துப்போய் கை மாற்றி மாற்றி. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலேயே வலிக்கு மசாஜ் இருக்கிறது, அம்மாவிடம் சொன்னால் ‘இதற்கு ஒரு புஸ்தகமா’ என்று சிரிக்கிறார். இந்தத் தடவையும் அம்மாதான் உள்ளே வரப்போகிறார், முழங்கை வலியோடு. அதனால் இடத்தை அத்தைக்கும் காட்டி வைத்திருக்கிறேன், ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் வரட்டும், ஆஸ்பத்திரியில் மாற்றிவிடச் சம்மதிக்கிறார்களா என்று அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டும்.

சரி, குக்கர் நாலாவது விசில். போகிறேன்.