டர்போவுக்கு எந்த பிஸ்டன்?

நேயர்களுக்கு வணக்கம்.

என் பட்டறை மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள பகுதி நகம் அளவுக்குப் பெயர்ந்து போயிருக்கும். தலைப்பகுதி உருகவில்லை, ஓட்டையும் இல்லை. ஓரத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலப் பொடிக்குழிகள்.

அல்சூர் தம்பி ஒருவரின் 1600 சிசி எஞ்சினிலிருந்து கழற்றியது அது. பழைய பிஸ்டனையே வைத்துக்கொண்டு, அதாவது கம்ப்ரஷன் 10-க்கு 1 என்றே விட்டு, அதன் மேல் டர்போ மாட்டிக் கொடுத்தேன். கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் வரும் கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு. டர்போ என்றால் வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் விசிறி. பெங்களூருவில் மூன்று மாதம் ஒரு குறையும் சொல்லவில்லை. மே மாதம் வேலூரில் கல்யாணம். நாலு பேர், பெட்டிகள், முழு ஏசி. ஆம்பூர் தாண்டியதும் புகை கக்கி நின்றது வண்டி. தப்பு என்னுடையதுதான். இந்த ஊர்க் காற்றை நம்பி கம்ப்ரஷனை முடிவு செய்துவிட்டேன்.

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. இங்கே காற்றழுத்தம் சுமார் 0.9 பார். மலை இறங்கி வேலூர்ப் பக்கம் போனால் அது ஏறும், வெயிலும் ஏறும். டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, அளவு மீறாமல் பிடித்து வைக்கும் வால்வுதான் வேஸ்ட்கேட். ஸ்பிரிங் வைத்த சாதாரண வேஸ்ட்கேட், வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு அழுத்தம் என்றுதான் கணக்குப் போடும். அதனால் மீட்டர் அதே பூஸ்ட்டைக் காட்டினாலும், கீழே போனதும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தம் கூடிவிடும். அந்தக் காற்றும் ஏற்கெனவே சூடு. பிளக்கில் பற்றிய தீ பரவி வருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம். ஏசியும் பாட்டும் ஓடும் காரில் அது காதில் விழாது.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதில் கம்ப்ரஷன் 10.25. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். தொட்டியை நிரப்பப் பலர் மறந்தார்கள், இரண்டு வருடத்தில் அந்தக் காரின் தயாரிப்பே நின்றுபோனது. இன்றைய டர்போ கார்களில் 10, 10.5 வருகிறதே என்று கேட்பீர்கள். அவற்றில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. நாக்கிங் வந்தால் சென்சார் கண்டுபிடித்து, பிளக் பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். பழைய எஞ்சினில் டர்போ வைப்பவருக்கு இந்த வசதி இல்லை.

சரி, ஒரேயடியாக 7.5-க்கு இறக்கிவிடலாமா? நான் செய்ய மாட்டேன். சில்க் போர்டு சிக்னலில் ஊர்ந்து போகும்போது டர்போ தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்போது பிக்கப் தருவது கம்ப்ரஷன் மட்டுமே, அதிலும் இங்கே காற்று மெல்லியது. மறுபக்கம், 10-லிருந்து 8.5-க்கு வந்தால் ஏட்டுக் கணக்குப்படி எஞ்சின் திறனில் இழப்பது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். பூஸ்ட்டை அரை பாரிலிருந்து ஒரு பாருக்கு ஏற்றினால், சூட்டை விட்டுப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு காற்று கூடுதலாகப் போகும். அதனால் பம்பில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல், அரை பாரைச் சுற்றிய பூஸ்ட், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்றால் இப்படிப்பட்ட எஞ்சினுக்கு நான் 9 வைப்பேன். ஒரு பாரை நெருங்கினால் 8.5. நாக்கிங்கை அதிகம் தாங்கும் நூறு ஆக்டேன் பெட்ரோலை நம்பி வைக்கச் சொல்பவர்களிடம், நெடுஞ்சாலை நடுவில் அது கிடைக்குமா என்று கேட்பேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கம்ப்ரஷனைக் குறைக்கத் தடிமனான ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு, போடாதீர்கள். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். அந்த நெருக்கம்தான் கலவையைப் பிதுக்கி, சுழற்றி, சீக்கிரம் எரிய வைக்கிறது. அதை இரண்டு மில்லிமீட்டர் ஆக்கினால் கம்ப்ரஷன் குறைந்தும் நாக்கிங் போகாது. செலவானாலும் தலையில் குழி உள்ள ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்த பிஸ்டன், வாங்குங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் டக் டக் என்று தட்டும். சூடானதும் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

அப்புறம், அளவு. 400 சிசி சிலிண்டருக்கு 10 என்றால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 44.4 சிசி, 9 என்றால் 50. வித்தியாசம் ஒரு டீஸ்பூன் சொச்சம்தான். அதனால் ஹெட்டைக் கவிழ்த்து, கிரீஸ் தடவி அக்ரிலிக் தகடு ஒட்டி, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நான்கு அறைகளையும் தனித்தனியாக அளக்கிறேன். பழைய ஹெட்டில் நான்கும் ஒன்று போல வராது. எந்த அறை சிறியதோ, அதில்தான் கம்ப்ரஷன் அதிகம். அதை வைத்துத்தான் பிஸ்டன் ஆர்டர் கொடுக்கிறேன். அல்சூர் தம்பிக்கும் அப்படித்தான் 8.8 வைத்து மறுபடி கட்டிக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.