கால் ஊன்ற வைப்பது வெளியே கிடைக்கும் நட்பே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், 'இனி யார் என்ன பேசினாலும் தீர்ப்பு நமக்குத்தான்' என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணனுக்கும், பொங்கலும் வடையும் சாப்பிட்ட பிறகும் தூங்காமல் இருக்கிற ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் புதுக்குடித்தனம் கால் ஊன்றப் பெரிதும் காரணம் வீட்டுக்குள் இருக்கும் துணையா, வெளியே கிடைக்கும் நட்பா? இதுதான் கேள்வி. அண்ணன் துணைதான் என்றார். 'ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளியது யார்? கணவன். ஜாக்கெட் வாங்கித் தந்தது யார்? கணவன். பேங்க் கணக்கு, சிம் கார்டு, டாக்டரிடம் பேசுவது, எல்லாம் கணவன்' என்று அடுக்கினார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அண்ணன் அதுவரை எங்கள் அணிக்குத்தான் பேசிக்கொண்டிருந்தார்!

ஆமாம் ஐயா. எல்லாவற்றையும் ஒருவரே செய்கிறார் என்றால், அந்த வீட்டில் கால் ஊன்றியவர் ஒருவர்தான். இன்னொருவர் அவர் தோளில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நாள் உட்காருவது? எத்தனை நாள் சுமப்பது?

நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்தது புளூ கார்டு என்ற வேலை அனுமதியில். அதில் வந்தவரின் துணைக்கு இந்த நாடு இரண்டு சலுகை தருகிறது. வேறு சில விசாக்களில் துணையாக வருகிறவர் ஊரிலேயே ஏ-1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் பரீட்சை எழுதித் தேற வேண்டும். புளூ கார்டுக்காரரின் துணைக்கு அது வேண்டாம். இரண்டாவது, வந்து அனுமதி கையில் கிடைத்ததுமே வேலைக்குப் போகலாம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் அந்த முதல் சலுகையில்தான். அலுவலகம் போகிறவருக்கு அங்கே எல்லாம் ஆங்கிலம். மீட்டிங் ஆங்கிலம், மெயில் ஆங்கிலம், கேன்டீனில் பக்கத்து நாற்காலியில் ஒரு ஹைதராபாத்காரர், ஒரு பூனாக்காரர். வீட்டில் இருப்பவருக்கு? மருந்துக்கடை ஜெர்மன், தபால்காரர் ஜெர்மன், டாக்டர் கிளினிக்கில் போன் எடுக்கிற அம்மா இந்த வட்டாரத்துச் சுத்தமான ஸ்வாபிய ஜெர்மன். வேலைக்குப் போகிறவரைவிட வீட்டில் இருப்பவருக்குத்தான் இந்த மொழி அதிகம் தேவை. ஆனால் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்குகிறவர் அவர்தான்!

அண்ணன் சொல்கிறார், அதைக் கணவன் பார்த்துக்கொள்வான் என்று. எந்தக் கணவன்? ஐந்து வருஷம் இங்கே இருந்தும் ரொட்டிக் கடையில் விரலை நீட்டி 'இது ஒன்று, அது ரெண்டு' என்று காட்டுகிற கணவனா? முன்வரிசையில் சிலர் தலை குனிகிறீர்கள், நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. எதிரணி பேச்சு முழுக்கக் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மனைவிதான் வந்தாள். மனைவிக்கு வேலை கிடைத்து, பின்னால் கணவன் வந்த வீடுகளும் இந்த அரங்கத்தில் இருக்கின்றன. அந்தத் தம்பிகளின் பாடு இன்னும் மோசம். ஊரிலிருந்து மாமா போன் போட்டு 'மாப்பிள்ளை இப்ப என்ன பண்றார்?' என்று கேட்டாலே பாதி உயிர் போய்விடும். அந்தத் தம்பியிடம் 'உனக்குத் துணை இருக்கிறதே' என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வந்த புதிது. காலையில் கணவன் ரயில் பிடித்துப் போய்விட்டால் திரும்ப ஏழு மணி. டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே இருட்டு. அந்தப் பெண் மதியம் இரண்டு மணியிலிருந்து ஜன்னலில் நிற்பாள். கணவன் உள்ளே வந்ததும் முதல் வார்த்தை, 'ஏங்க இவ்வளவு நேரம்?' அவன் பதில், 'வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?' அன்பு இல்லாத ஜோடியா? சென்னையில் நாலு வருஷம் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி ஐயா! அவனிடம் குறை இல்லை. அவளிடமும் இல்லை. ஒரே மனிதன் கணவனாக, அம்மாவாக, தோழியாக, மொழிபெயர்ப்பாளனாக, பொழுதுபோக்காக இருக்க வேண்டியிருந்தது. அவனால் முடியவில்லை. யாராலும் முடியாது.

ஒருநாள் அவர்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. இந்த ஊர்க்காரர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். கேர்வோகே! இந்த வாரம் மாடிப்படி பெருக்குவது உங்கள் முறை என்று பொருள். ஸ்வாபிய நாட்டின் பழைய வழக்கம், பல வீடுகளில் வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கும். நம் பெண்ணுக்கு என்ன தெரியும்? கணவனுக்கு போட்டோ அனுப்பினாள். 'சாயங்காலம் பார்க்கலாம்' என்று பதில் வந்தது. சனிக்கிழமை வரை சாயங்காலம் வரவே இல்லை.

கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று இவள் நடுங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். பாட்டி கையில் துடைப்பம். ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்படியிலிருந்து ஆரம்பித்தார். மிதியடியை எடுத்து உதறிச் சுவரில் சாய்த்தார், படியின் மூலையில் துடைப்பத்தின் நுனியை விட்டுக் குப்பையை இழுத்தார், இரண்டு படி பெருக்கிவிட்டு இவள் கையில் கொடுத்தார். இவள் பெருக்கினாள். பாட்டி ஒரு மூலையைக் காட்டித் தலையாட்டினார், திரும்பப் பெருக்கினாள். அப்புறம் ஈரத் துணி. கடைசியில் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரம் பாட்டி பிளம்ஸ் கேக் கொண்டு வந்தார். இவள் கேசரி கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். புது நோயாளியை எந்த டாக்டர் சேர்த்துக்கொள்வார் என்பது பாட்டி சொல்லித் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டில்களைத் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் வரும் என்பது தெரிந்தது. இன்டெக்ரேஷன் கோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை இந்த நாட்டுச் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை என்பதும் தெரிந்தது. வகுப்பில் சேர்ந்தாள். ஒரு பக்கம் சிரியாக்காரப் பெண், இன்னொரு பக்கம் பிரேசில்காரப் பையன். மூன்று பேருக்கும் பொது மொழி உடைந்த ஜெர்மன்தான். உடைந்த மொழியில் பேசுகிறவர்களுக்குள் வருகிற நட்பு இருக்கிறதே, அதற்குக் கூச்சமே கிடையாது.

சாயங்காலம் கணவன் வந்தான். 'ஏங்க இவ்வளவு நேரம்?' இல்லை. 'இன்னைக்கு கிளாஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?' நடுவர் ஐயா, அந்த வீட்டில் சண்டை குறைந்தது கணவன் சீக்கிரம் வந்ததாலா? அவன் அதே ஏழு மணிக்குத்தான் வந்தான்!

அடுத்து பிரசவம். எதிரணி அக்கா கண் கலங்கப் பேசினார், கணவன்தான் தாயாக இருந்தார் என்று. நல்லது, அவரை வணங்குகிறேன். ஊரிலிருந்து அம்மா வரலாம், ஆனால் சாதாரண விசிட் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான். பிள்ளை சொன்ன தேதிக்குப் பிறக்குமா? அம்மா திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பேரனைக் கொஞ்ச வேண்டும். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்து உள்ளே வந்தது யார்? ஹெபாமே, மகப்பேறு உதவியாளர். அரசுக் காப்பீட்டில் பிள்ளை பிறந்த முதல் பத்து நாள் தினமும் வரலாம், பிறகும் 12 வாரம் வரை தேவைக்கு வந்து பார்ப்பார், நமக்குச் செலவு கிடையாது. என் மகன் பால் குடிக்காமல் கத்தியபோது என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? யூடியூப் பார்த்தார். ஹெபாமே வந்து பிள்ளையின் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், அவன் குடித்தான்.

பத்தியச் சாப்பாடு? அது இலங்கைத் தமிழ்க் கடை அக்கா. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போன இடத்தில் என் வயிற்றைப் பார்த்து, 'என்ன பிள்ளை, எத்தனை மாசம்?' என்றவர். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்து, யாருடைய உதவியும் நிச்சயமில்லாமல் இந்த நாட்டில் நின்றவர்கள் அவர்கள். ஹாம் நகரில் 2002-இல் கோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில் எழுப்பியவர்களும் அவர்கள்தான். அது எந்த ஒரு தம்பதியும் தனியாக எழுப்பிய கோபுரம் அல்ல.

அண்ணன் அமெரிக்காவை இழுத்தார். அங்கே எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் போன பெண்கள் கணவனை மட்டுமே நம்பி வாழவில்லையா என்றார். அண்ணே, 2015 வரை அவர்களுக்கு வேலை செய்யவே அனுமதி இல்லை. அதற்குப் பிறகும் துணையின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டம் தாண்டினால்தான். வேறு வழி இல்லாமல் நம்பியதைச் சாதனையாகச் சொல்லலாமா? அவர்களையும் காப்பாற்றியது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் ஆளுக்கொரு பாத்திரம் தூக்கி வரும் விருந்தும்தான்.

இனி ஒரு விஷயம், இதில் நகைச்சுவை இல்லை. துணையாக வந்தவரின் தங்கும் அனுமதி அந்தத் திருமணத்தோடு கட்டப்பட்டது. இங்கே பொதுவாக மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான், பிரிந்தாலும் தங்கும் தனி உரிமை வரும். வீட்டில் அடி உதை என்றால் அந்த மூன்று வருஷக் கணக்கிலிருந்து சட்டம் விலக்குத் தருகிறது. 116 016 என்று ஒரு எண் இருக்கிறது. பெண்களுக்கானது, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், காசு இல்லை, மொழிபெயர்ப்பாளரை வைத்தும் பேசலாம். எல்லாத் துணையும் நல்ல துணை இல்லை ஐயா. அப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு இந்த எண்ணை யார் சொல்வார்? வீட்டுக்குள் இருப்பவரா? அவளுக்கு வெளியே ஒரே ஒரு தோழியாவது வேண்டாமா?

'நட்பு இன்று இருக்கும், நாளை வேறு ஊருக்கு மாறிப் போய்விடும். துணைதானே நிலை?' என்றார் அண்ணன். உண்மைதான், போவார்கள். என் வகுப்புத் தோழிகள் பாதிப் பேர் இப்போது பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் பழக்கிவிட்ட மொழியும், தனியாக டிராம் ஏறுகிற தைரியமும் என்னோடு இருக்கின்றன. துணை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார், அவர் இல்லாமல் எனக்கு வாழ்க்கை இல்லை, போதுமா? கேள்வி கால் ஊன்ற வைத்தது எது என்பது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிடம். அண்ணன் இங்கே மேடையில் இருக்கிறார். அண்ணி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவருக்குக் கை தட்டுகிறார். அவர்கள் வீட்டு ஒன்றரை வயதுக் குட்டி எங்கே? காலையில் நானே கேட்டேன், அண்ணிதான் சொன்னார்: 'பக்கத்து வீட்டு துருக்கிக்கார அக்காவிடம் விட்டுட்டு வந்திருக்கோம், அவங்க இல்லைன்னா நாங்க எங்கேயும் கிளம்பவே முடியாது.' நடுவர் ஐயா, தீர்ப்பை எழுதிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.