வாடகை ஸ்கூட்டரில் புதுச்சேரி: கீறலுக்கு முன்னாடி பிளேட்டைப் பாருங்க

கடலூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "புதுச்சேரிக்கு பஸ்ல போய் இறங்கி, ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். திருப்பி விடும்போது அடியில கீறல் இருக்குன்னு 2,000 ரூபாய் டெபாசிட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரிஜினல் ஆதாரும் அவங்க கையில இருந்ததால ஒண்ணும் பேச முடியல. என்ன பண்ணியிருக்கணும்?"

இந்தக் கேள்வி என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. கீறல், டெபாசிட், ஆதார் எல்லாம் சொல்றார். நம்பர் பிளேட் என்ன கலர்னு மட்டும் சொல்லல.

வழக்கமா பார்க்கிறவங்க "ஆரம்பிச்சுட்டார்யா"ன்னு சிரிப்பீங்க. பரவாயில்ல. பெட்ரோல் ஸ்கூட்டர்னா, கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருந்தாத்தான் நாமளே ஓட்டுறதுக்கு வாடகைக்கு விடுற வண்டி. வெள்ளையில கறுப்பு எழுத்துன்னா அது யாரோ சொந்த உபயோகத்துக்கு வாங்கின வண்டி. அதை வாடகைக்கு விட்டா இன்ஷூரன்ஸ் நிபந்தனையே மீறின மாதிரி. நீங்க ஒருத்தர் மேல இடிச்சிட்டா, கம்பெனி அதையே காரணம் காட்டி கையை விரிக்கலாம். அப்போ 2,000 ரூபாய் எல்லாம் ஒரு பேச்சே இல்ல. நம்பரை அரசோட எம்பரிவாகன் ஆப்ல போட்டா இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

சரி, கீறலுக்கு வருவோம். வண்டியைக் கழுவி ஈரத்தோட நிறுத்தியிருந்தா முதல்ல துணியால துடைக்கச் சொல்லுங்க. ஈரத்துல சின்னக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் பிரேக் லீவர் நுனியைப் பாருங்க, உருண்டையா இருக்கும். அது தேய்ஞ்சிருந்தா வண்டி ஏற்கெனவே விழுந்த வண்டி. அதே பக்கம் கண்ணாடித் தண்டு, பக்கவாட்டு பேனல், கால் வைக்கிற தட்டோட அடி ஓரம், சைலன்சர் மூடி, இதுலயும் தடம் இருக்கும். இவருக்குக் காட்டினது அந்த அடி ஓரமாத்தான் இருக்கணும். குனியாம அது யார் கண்ணுலயும் படாது.

நம்பர் பிளேட்ல ஆரம்பிச்சு, நிறுத்தாம, ஒரே வீடியோவா வண்டியைச் சுத்தி எடுங்க. கிலோமீட்டர், பெட்ரோல் முள் ரெண்டும் அதுல வரணும். எடுத்த கையோட, சாவி வாங்குறதுக்கு முன்னாடியே, கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க. உங்க போன்ல மட்டும் இருந்தா "இது எப்போ எடுத்ததோ"ம்பாங்க. அவர் போன்லயே நேரத்தோட இருந்தா அந்தப் பேச்சு வராது.

ஒரிஜினல் ஆதார் கொடுக்கவே கூடாது. கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் இருக்கு. அதோட ஜெராக்ஸ்ல "வண்டி வாடகைக்கு மட்டும்"னு தேதி போட்டுக் குறுக்கே எழுதிக் கொடுங்க. டெபாசிட் திருப்பித் தர்றேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னா போடாதீங்க. பணம் வர்றதுக்குப் பின் தேவையே இல்ல. அப்படிப் பணம் போய்ட்டா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. டெபாசிட் தகராறுன்னா நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொண்ணு, வடக்கே கோட்டக்குப்பம் வந்துட்டாலே தமிழ்நாடு. ஆரோவில்லும் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டம்தான். வண்டியைத் தமிழ்நாட்டுக்குள்ள ஓட்டலாமான்னு கேட்டு, பதிலை அதே வாட்ஸ்அப்ல வாங்கிக்கோங்க. வாடகை வண்டி டிக்கியில பாட்டில் வச்சுக்கிட்டு கடலூர் பக்கம் வந்து ஆல்பேட்டை சோதனைச் சாவடியில மாட்டினா, வண்டி ஸ்டேஷன்ல நிக்கும், வாடகை ஏறிக்கிட்டே இருக்கும். பிளேட் கறுப்பா இருந்தாலும் அதுக்கு மருந்து கிடையாது!

இதெல்லாம் போனா காசு. எனக்கு யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருக்கிற கேள்வி வேற: கடல்ல எங்கே இறங்கக் கூடாது? காந்தி சிலைப் பக்கம் கொட்டியிருக்கிற பாறையில பாசி, கால் வைக்காதீங்க. மணல் கரையில, ரெண்டு பக்கமும் அலை நுரைச்சு உடையும், நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா, கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கும். குழந்தைகளோட போறவங்க "இங்கே அலையே இல்ல"ன்னு அங்கேதான் இறங்குவாங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்ப உள்ளே ஓடுற வழி அது. மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தாதீங்க, தெம்புதான் போகும். கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்தப் பட்டையைத் தாண்டி, அப்புறம் அலையோட வாங்க. நீச்சல் தெரியலைன்னா மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்க. கரையில நிக்கிறவங்க பின்னாடியே குதிக்காதீங்க. மூடி இறுக்கின காலி தண்ணி கேன் ஒண்ணை வீசுங்க, பக்கத்துல இருக்கிற மீனவரைக் கூப்பிடுங்க, 112-க்கு அடிங்க.