கஞ்சா: மருந்தாக வரட்டும், கடைச்சரக்காக வேண்டாம்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித்தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

கஞ்சாவைச் சட்டம் அனுமதிப்பதென்றால் மருந்துக்கு மட்டுமா, கேளிக்கைக்கும் சேர்த்தா என்பது இன்றைய தலைப்பு. நாங்கள் மருந்துக்கு மட்டும் என்கிறோம், எதிரணி இரண்டுக்கும் என்கிறது. கஞ்சா என்ற பேச்சே கூடாது என்று சொல்ல இந்த மேடையில் ஆள் இல்லை. அதனால் அந்தச் சண்டையை விட்டுவிடுவோம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு வாழ்க்கையைத் தொலைத்த பையன்களைப் பற்றிச் சொன்னார். நானும் கைதட்டினேன். அவருக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். நான் மருந்தாளுநராக வேலை பார்க்கிறவள். அதனால் ஒரு பாட்டிலைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆசைப்படுகிறேன்.

டிராவே சிண்ட்ரோம் என்று ஒரு வலிப்பு நோய். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தொடங்கிவிடும். வழக்கமான வலிப்பு மருந்துகளுக்கு எளிதில் அடங்காது. பெற்றவர்கள் ராத்திரி முறை வைத்துக் கண்விழிக்கிற நோய் அது. கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். அதே செடியில் சிபிடி என்று இன்னொன்று இருக்கிறது, அது போதை தராது. அந்த சிபிடியை மட்டும் பிரித்தெடுத்து, டிராவே உள்ள 120 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட குழுவில் மாதத்துக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் வந்துகொண்டிருந்த வலிப்பு ஆறு முறையாகக் குறைந்தது. மருந்தில்லாத திரவத்தைச் சாப்பிட்ட குழுவில் பதினைந்து பதினாலானதோடு சரி. 2018 ஜூன் மாதம் அமெரிக்க அரசு அதை 'எபிடயோலெக்ஸ்' என்ற பெயரில் அனுமதித்தது.

அந்தப் பாட்டிலில் இருப்பது ஸ்ட்ராபெரி வாசனை சேர்த்த நல்லெண்ணெய். அதில் மில்லிக்கு 100 மில்லிகிராம் சிபிடி. பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், காலையும் ராத்திரியும். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, ஊசி இல்லாத சிரிஞ்சில் அரை மில்லி. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் அளவைக் கூட்டவேண்டும். தொடங்குவதற்கு முன்னால் கல்லீரல் பரிசோதனை செய்யவேண்டும். பிள்ளை ஏற்கெனவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கல்லீரலை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். அரை மில்லிக்குப் பின்னால் எத்தனை பேர் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேர் பொறுப்பேற்று நிற்கிறார்கள் என்று பாருங்கள். கஞ்சா மருந்தாக வரட்டும் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இது ஒன்று மட்டுமில்லை. கீமோதெரபியால் வருகிற வாந்திக்கு, டிஎச்சியையே செயற்கையாகத் தயாரித்த மாத்திரை 1985இலிருந்து அமெரிக்காவில் இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் தசை இறுக்கத்துக்கு வாயில் அடிக்கிற ஸ்பிரே இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1839இலேயே கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர் வலிப்பு வந்த பச்சைக்குழந்தைக்குக் கஞ்சாச் சாறு கொடுத்து எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம்கூட மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விலக்கு வைத்திருக்கிறது. அந்த வழியாக இன்னும் அதிகம் நடக்கவேண்டும், வேகமாக நடக்கவேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி.

சரி, மருந்தின் பெயரைச் சொல்லிக் கடையைத் திறந்தால் என்ன ஆகும்? தாய்லாந்தைப் பார்க்கலாம்.

2019 பிப்ரவரியில் தாய்லாந்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல் நாடு. அடுத்த மாதம் தேர்தல். வீட்டுக்கு ஆறு செடி வளர்த்துச் சம்பாதிக்கலாம் என்று வாக்குக் கொடுத்தது பூம்ஜாய்தாய் கட்சி. அதன் தலைவர் அனுதின் சான்வீரகுல் சுகாதார அமைச்சரானார். 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாச் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பத்து லட்சம் கன்றுகளை இலவசமாகக் கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விடுதலையானார்கள். அது நல்ல காரியம், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

'இது மருத்துவத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான், கேளிக்கைக்கு இல்லை' என்று அமைச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். நடந்தது என்ன? பாங்காக்கில் சுற்றுலாப் பயணிகள் கூடுகிற காவோசான் சாலையில் பச்சை இலை போட்ட விளக்குப் பலகைகள் வரிசையாக முளைத்தன. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கடைகள். கண்ணாடி ஜாடிக்குள் பூ மொட்டு, ஜாடிமேல் பெயரும் போதைச் சத்தின் சதவீதமும். வாங்க வருகிறவரிடம் என்ன நோய் என்று கேட்க அங்கே ஆளில்லை. தடையை நீக்கியவர்கள், எதை எப்படி விற்கலாம் என்ற சட்டத்தை நிறைவேற்றவே இல்லை. மசோதா நாடாளுமன்றத்திலேயே முடங்கிப்போனது. இருபது வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, கர்ப்பிணிக்கு விற்கக்கூடாது என்று ஆணைமேல் ஆணையாக ஒட்டுப்போட்டார்கள். கடைசியில் 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக்கூடாது என்று அரசே ஆணையிட்டது. எங்கள் அணி இன்று இந்த மேடையில் கேட்பதைத்தான் மூன்று வருஷம் பட்டபிறகு தாய்லாந்து கேட்டது.

'அது சட்டம் இல்லாததால் வந்த வினை, கேளிக்கையால் வந்ததில்லை' என்று எதிரணித் தலைவர் குறிப்பெடுப்பது இங்கிருந்தே தெரிகிறது. நியாயமான கேள்விதான். அப்படியானால் சட்டம் போட்டுத் திறந்த ஊருக்கே போவோம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். 2012இல் மக்களே வாக்களித்து அனுமதித்தார்கள், 2014 ஜனவரி 1ஆம் தேதி கடை திறந்தது. வயது வரம்பு, உரிமம், வரி எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஆண்டே மாநில அரசு ஒரு கணக்கெடுத்தது, யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று. கஞ்சா பயன்படுத்துகிறவர்களில், ஏறக்குறைய தினமும் புகைக்கிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு பேர்தான். ஆனால் மொத்தச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கை வாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

ஐயா, என் வாதம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. எதிரணியில் ஒருவர் அழகாகச் சொன்னார்: 'வாரக்கடைசியில் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒன்று பற்றவைக்கிற ஆளால் யாருக்கு என்ன நஷ்டம்?' யாருக்கும் நஷ்டமில்லை. அவரால் கடைக்காரருக்குப் பெரிய லாபமும் இல்லை! கடைக்கு வேண்டியது தினமும் வருகிற ஆள். மருந்துக் கம்பெனியும் லாபத்துக்காகத்தான் நடக்கிறது, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அங்கே அளவை எழுதுகிறவர் ஒருவர், விற்கிறவர் வேறொருவர். நோய் தணிந்தால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். கஞ்சாக் கடையில் அளவைத் தீர்மானிப்பது பழக்கம், அந்தப் பழக்கம் முற்ற முற்ற விற்பனை ஏறும்.

இதை வியாபாரிகள் நமக்கு முன்னாலேயே கண்டுகொண்டார்கள். கனடா 2018 அக்டோபரில் கேளிக்கைக் கஞ்சாவை நாடு முழுவதும் அனுமதித்தது. அந்த ஆகஸ்டிலேயே, அமெரிக்காவில் கொரோனா பீர் விற்கிற கான்ஸ்டலேஷன் நிறுவனம் ஒரு கனடா கஞ்சாக் கம்பெனியில் 400 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. டிசம்பரில் மால்பரோ சிகரெட்டின் சொந்தக்காரரான ஆல்ட்ரியா இன்னொரு கம்பெனியில் 180 கோடி டாலர் போட முடிவுசெய்தது. சிகரெட் கம்பெனி எதைப் பார்த்துப் பணம் போடும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வியாபாரம் வந்தால் வீரியமும் ஏறும். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் சராசரியாக 4 சதவீதம் இருந்த டிஎச்சி, 2014இல் 12 சதவீதமாகியிருந்தது. இது கள்ளச்சந்தைச் சரக்கின் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டக் கடை அதைக் குறைக்கவில்லை. சாற்றைச் சுண்டக்காய்ச்சி 60, 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிற மெழுகை டப்பாவில் வைத்து விற்றது. 2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு ஒன்று, 10 சதவீதமும் அதற்கு மேலும் டிஎச்சி உள்ள கஞ்சாவைத் தினமும் புகைக்கிறவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வருகிற வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று சொன்னது. கஞ்சாதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து மட்டும் அடித்துச் சொல்லமுடியாது, தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்லமுடியும். அந்த அளவு தொடர்பு வேறொரு மாத்திரையில் தெரிந்திருந்தால் அதைக் கடையில் வைக்க விடுவோமா?

கனடாவில் கஞ்சா மிட்டாயும் சாக்லேட்டும் வந்தன. கியூபெக் மாகாணம் மட்டும் மிட்டாய் வேண்டாம் என்று தடுத்தது. அனுமதித்த மாகாணங்களில் அதைத் தெரியாமல் தின்றுவிட்டு மருத்துவமனையில் சேர்ந்த சின்னப்பிள்ளைகள் கியூபெக்கைவிட அதிகம். மேசைமேல் மிட்டாய் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளை எடுத்துத் தின்னத்தான் செய்யும்.

அப்புறம், எதிரணி அக்கா கேட்ட கேள்வி: 'டாஸ்மாக்கை நடத்துகிற அரசு கஞ்சாவைத் தடுக்கலாமா?' மதுவின் கேடு கஞ்சாவைவிடப் பல வகையில் அதிகம் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா, டாஸ்மாக்கிலிருந்து நாம் கற்றது என்ன? 2003இல் அரசே சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. இன்றைக்கு அதிலிருந்து ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் மதுவிலக்கு என்று வாக்குக் கொடுத்தன. கடை மூடியதா? வருமானத்தில் பழகிப்போன அரசால் குடியை விடமுடியவில்லை. அந்தக் கஜானாவுக்கு இன்னொரு பழக்கத்தையும் ஏன் காட்டவேண்டும்?

இப்போது தம்பியின் சிறைக்கு வருகிறேன். இதில் அவர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. நம் சட்டத்தில் ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா 'சிறிய அளவு', அதற்கே ஓராண்டு வரை சிறைவைக்கலாம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. அது கொடுமை என்பதே என் கருத்து. ஆனால் சிறைக்கதவைத் திறக்கக் கடைக்கதவைத் திறந்தாகவேண்டும் என்று யார் சொன்னது? போர்ச்சுகல் 2001இல் ஒரு வழி கண்டது. பத்து நாள் பயன்பாட்டுக்கு உள்ளான அளவு, கஞ்சா என்றால் 25 கிராம் வரை, கையில் வைத்திருந்தால் குற்ற வழக்கு இல்லை, சிறை இல்லை. சமூகப் பணியாளரும் உளவியலாளரும் போன்றவர்கள் இருக்கிற ஒரு குழுவின் முன்னால் வந்து உட்காரவேண்டும், தேவைப்பட்டால் சிகிச்சை. விற்பனை மட்டும் அங்கே இன்றைக்கும் குற்றம்தான். தம்பி கேட்ட நியாயம் அந்தப் பையனுக்குக் கிடைத்துவிட்டது, ஒரு கடைகூடத் திறக்காமல்.

எங்கள் பக்கத்து ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். 1996இல் கலிபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது நோய்களின் பட்டியலைப் போட்டுவிட்டு, கஞ்சாவால் குணம் தெரிகிற வேறு எந்த நோய்க்கும் ஆகும் என்று ஒரு வரியைச் சேர்த்தது. தூக்கம் வரவில்லை, முதுகு வலிக்கிறது என்றாலே சீட்டு எழுதுகிற டாக்டர்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பெயர் மருத்துவமில்லை. நாங்கள் கேட்பது சோதனை முடிந்து, அளவு எழுதி, மருந்துக் கடையின் பதிவேட்டில் ஏறுகிற மருந்தை. போலிச் சீட்டு எழுதினால் டாக்டரின் பதிவு போகவேண்டும், மருந்து கொடுத்த என்னைப் போன்றவர்களின் உரிமமும் போகவேண்டும்.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் புகைக்கிற அந்த ஐந்தில் ஒரு பங்கு பேர் நாளைக்கே பழக்கத்தை விட்டுவிட்டால், அதற்குப் பிறகும் நஷ்டமில்லாமல் நடக்கிற ஒரு கஞ்சாக் கடையை, உலகத்தில் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அவர் இந்த அவைக்குக் காட்டட்டும்.

வணக்கம்.