பரிணாமம் நடையா, பாய்ச்சலா?

நேயர்களுக்கு வணக்கம். சேர்வராயன் மலையில் ஈர மண்ணைக் கொத்தினால் சில சமயம் ஒரு சின்னப் பாம்பு வெளியே வரும். தலை கூர்மையாக இருக்கும். வாலோ சாய்வாக வெட்டிவிட்டதுபோல் தட்டையாக முடியும். விஷம் கிடையாது, தயவுசெய்து அடிக்காதீர்கள். 1863-லேயே பெட்டோம் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் விவரித்து எழுதிய இந்தப் பாம்பு, இந்த மலைக்கே உரிய இனம். சேலத்து வெயிலில் இறங்கி அடுத்த மலைக்குப் போக இதனால் ஆகாது.

இப்படி ஒதுங்கிப்போன சிறு கூட்டத்தில்தான் புது இனம் சுலபமாக உருவாகும் என்றார் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர். இதைப் பிடித்துக்கொண்டுதான் 1972-ல் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீபன் ஜே கூல்டு என்ற இரண்டு புதைபடிவ ஆய்வாளர்கள், பரிணாமம் மெதுவாக நடக்கிறதா, பாய்ச்சலாக நடக்கிறதா என்று ஒரு சண்டையைக் கிளப்பினார்கள்.

மாற்றம் சிறுகச் சிறுகச் சேர்கிறது என்பது டார்வின் 1859-ல் சொன்னது. பாறையில் புதைபடிவங்களாக அந்த வரிசை முழுசாகக் கிடைக்கவில்லையே என்றால், புதைபடிவப் பதிவே அரைகுறை என்பது அவர் பதில். எல்ட்ரெட்ஜ் ட்ரைலோபைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் கண்ணில் லென்ஸ் வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தவர். எண்ணிக்கை பல லட்சம் ஆண்டுகள் அப்படியே நிற்கிறது. அப்புறம் சட்டென்று குறைகிறது. மாறாமல் நிற்பதும் உண்மைதான், அதைப் பதிவின் குறை என்று ஒதுக்காதீர்கள் என்றார்கள் எல்ட்ரெட்ஜும் கூல்டும்.

'சட்டென்று' என்றால் ஒரே இரவில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். ஆனால் மாற்றம் நடக்கும் மூலை, எலும்பு பத்திரமாகப் புதையும் இடமாக இருப்பது அபூர்வம். நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சார்னோக்கைட் பாறை, பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் உருவானது, அதில் புதைபடிவம் இருக்காது. மேல்மண்ணும் மழைக்குக் கரைந்து கீழே போய்விடும். புதைபடிவம் பார்க்க அரியலூருக்குத்தான் போக வேண்டும். இங்கே உருவாகும் இனம் பின்னால் சமவெளியில் பரவிப் புதைந்தால், தோண்டுபவருக்கு அது திடீரென்று தோன்றியதாகத்தான் தெரியும்.

சரி, கண் முன்னாலேயே மாற்றத்தைப் பார்த்தவர்களும் உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி, பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் தீவில் 1973 முதல் குருவிகளின் அலகை அளந்தார்கள். 1977 பஞ்சத்தில் பெரிய, கடினமான விதைகளே மிஞ்சின. தடித்த அலகுக் குருவிகள் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. 1983-ல் பேய்மழை. சிறு விதைகள் பெருகவே, அலகு மறுபடி சிறுத்தது.

அதே 1983-ல் பிலிப் கிஞ்சரிச் என்ற புதைபடிவ ஆய்வாளர், உயிர்கள் மாறும் வேகத்தைப் பற்றிய பல அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார். குறுகிய காலம் அளந்தால் வேகம் அதிகம், நீண்ட காலம் அளந்தால் குறைவு. என்னைக் கேட்டால், சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. டாப்னேயில் அத்தனை வேகமாக முன்னும் பின்னும் ஆடிய அலகு, பாறையில் பதிந்திருந்தால் மாறாமல் நின்றதாகவே படித்திருப்போம்.