பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டுக்கும் சான்று: கனடா பிஆர் ஒரு கணக்கு, தொழில் உரிமம் வேறு கணக்கு

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 379, 547]

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைதான் பிஆர்; அதற்கு வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் பார்த்துப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறை எக்ஸ்பிரஸ் என்ட்ரி. 2025 மார்ச் 21 அன்று அதில் 7,500 பேருக்கு ஒரே சுற்றில் அழைப்பு போனது, கட்ஆஃப் 379 புள்ளி. அதே வருடம் மே மாதம், கனடாவுக்குள்ளேயே வேலை பார்த்து அனுபவம் சேர்த்தவர்களுக்கு நடந்த சுற்றில் கட்ஆஃப் 547. அங்கேயே இருந்து வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் 540 வைத்துக்கொண்டு வெளியே நிற்க, 379 வைத்திருந்தவர் உள்ளே போனார். அவர் கையில் இருந்த துருப்பு பிரெஞ்சு.

இது ஏதோ ஒருமுறை அடித்த அதிர்ஷ்டம் இல்லை. பிரெஞ்சே பெரும்பான்மையான கியூபெக் மாகாணத்துக்கு வெளியே, ஒன்டாரியோ, நியூ பிரன்ஸ்விக், மானிட்டோபா மாதிரி மாகாணங்களில் சிதறிக் கிடக்கும் பிரெஞ்சு பேசும் சமூகங்கள் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகின்றன என்பது ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுக்கு ரொம்ப நாளாகவே தலைவலி. புதிதாக வருபவர்களில் 4.4 சதவீதம் பேராவது பிரெஞ்சு பேசுபவர்களாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்த இலக்கையே 2022-இல்தான் முதல்முறையாக எட்டினார்கள். 2023 ஜூனில் அதிகாரபூர்வ மொழிகள் சட்டத்தைத் திருத்தினார்கள், அதே மாதம் பிரெஞ்சுக்கென்று தனிப் பிரிவு வைத்து ஆள் எடுக்கும் முறையும் வந்தது, 2025-க்கான இலக்கு 8.5 சதவீதம் ஆனது. அவர்களுக்கு ஆள் வேண்டும். அதனால்தான் கட்ஆஃப் இறங்குகிறது.

[திரையில்: 12 + 50 = 62]

சரி, கணக்குக்கு வருவோம். ஆங்கிலத்தை முதல் மொழியாகவும் பிரெஞ்சை இரண்டாவது மொழியாகவும் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு அளவுகோல் சிஎல்பி, பிரெஞ்சுக்கு என்சிஎல்சி, இரண்டும் ஒரே மாதிரி ஏணிதான். பிரெஞ்சில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் என்சிஎல்சி 7 வந்தால், இரண்டாம் மொழிக்கென்று ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 12 புள்ளி. அது பெரிய விஷயமே இல்லை. பெரிய விஷயம் அதற்கு மேல் வருவது: ஆங்கிலத்திலும் நான்கு திறனிலும் குறைந்தது சிஎல்பி 5 இருந்தால் தனியாக 50 புள்ளி. ஆங்கிலம் அதற்குக் கீழே போனாலோ, ஆங்கிலத் தேர்வே எழுதாமல் விட்டாலோ அந்த 50 பாதியாகி 25 ஆகிவிடும். 440-இல் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் 62 சேர்ந்து 502-க்குப் போகிறார், அதோடு பிரெஞ்சு சுற்றிலும் அவர் பெயர் வந்துவிடுகிறது.

இன்னும் உழைத்து பிரெஞ்சில் 9 வாங்கினால் என்ன ஆகும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 12 என்பது 24 ஆகும், கணவனோ மனைவியோ சேர்ந்து வருகிறார் என்றால் 22-க்கு மேல் போகாது. 50 அப்படியே 50தான். மாதக்கணக்கில் கூடுதலாகப் படித்து அதிகபட்சம் 12 புள்ளி. என்னைக் கேட்டால் அந்த நேரத்தை ஆங்கிலத்தில் போடுங்கள், ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஆனால் 7 என்றால் நான்கிலும் 7. சராசரி பார்க்க மாட்டார்கள். மூன்றில் 8 வாங்கி, பேசுவதில் மட்டும் 6 வந்தால் மூன்று மூன்றாக 9-உம் அந்த 6-க்கு 1-உம் சேர்த்து மொத்தம் 10 புள்ளிதான் தேறும். 50 போச்சு, பிரெஞ்சு சுற்றுக்கான தகுதியும் போச்சு. பிரெஞ்சுக்கு ஏற்கப்படும் தேர்வுகள் இரண்டே இரண்டு, டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா. டிசிஎஃப்பில் கேட்டலுக்கு 458 எடுத்தால் 7, 457 எடுத்தால் 6. வாசித்தலுக்கு 453. எழுதுவதற்கும் பேசுவதற்கும் 20-க்கு 10. ஒரே ஒரு மதிப்பெண் குறைந்து 50 புள்ளிக்கு மேல் ஒருவரிடமிருந்து நழுவுவது இங்கே சர்வசாதாரணம்.

[திரையில்: ஒரு சிறிய விளம்பரத் துண்டு, பக்கத்தில் ஐந்து நிமிடக் கடிகாரம்]

டெஃப் பேச்சுத் தேர்வு எப்படி இருக்கும் என்று தெரியாமல் போய் உட்காராதீர்கள். முதல் பகுதியில் ஒரு விளம்பரத்தைக் கையில் கொடுப்பார்கள், நீச்சல் வகுப்போ வாடகை வீடோ ஏதோ ஒன்று. நீங்கள் அந்த இடத்துக்கு ஃபோன் பண்ணுவது போலப் பேசி, ஐந்து நிமிடத்துக்குள் பத்து கேள்வி பக்கம் கேட்டு விவரம் வாங்க வேண்டும், அதுவும் மரியாதையாக, வூ (நீங்கள்) போட்டு. அப்புறம் பத்து நிமிடம் இன்னொரு விளம்பரம், எதிரே இருப்பவர் இப்போது உங்கள் நண்பர், தூ (நீ) போட்டுப் பேசி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவர் வேண்டுமென்றே முரண்டு பிடிப்பார். நம் ஊரில் பிரெஞ்சு படிக்கிறவர்கள் இலக்கணத்தில் கில்லாடிகள், வினைச்சொல் அட்டவணை எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார்கள், ஆனால் இந்த முரண்டுக்குப் பதில் சொல்லும்போது வாய் திறக்காது. வாரத்துக்கு நான்கு நாளாவது யாரிடமாவது வாய்விட்டுச் சண்டை போட்டுப் பழகுங்கள். டிசிஎஃப் ஆள் கொஞ்சம் வேறு மாதிரி: பேச்சு மொத்தமே 12 நிமிடம், கேட்டலில் 39 கேள்வி, போகப் போகக் கடினமாகும், தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

என்சிஎல்சி 7 என்பது ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏறக்குறைய பி2 நிலை. ஒன்றுமே தெரியாமல் தொடங்கினால் அதற்கு 600 மணி நேரம் பக்கம் வகுப்பு ஆகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னையில் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகளிலும் புதுச்சேரியிலும் இப்போது உட்கார்ந்திருப்பவர்களில் இலக்கியத்துக்காகப் படிப்பவர் எத்தனை, பிஆருக்காகப் படிப்பவர் எத்தனை என்று நீங்களே போய்ப் பாருங்கள். ‘மூன்று மாதத்தில் பி2’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, பிரெஞ்சுத் தேர்ச்சிக்கான டெல்ஃப் சான்றிதழ் வைத்திருக்கிறேன் போதுமா என்றால், எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குப் போதாது. புதுச்சேரியில் லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், பிரெஞ்சு பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர் என்றாலும் டெஃப்போ டிசிஎஃப்போ எழுதித்தான் ஆக வேண்டும்.

7 எட்டவில்லை என்றால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கியூபெக்குக்கு வெளியே வேலை கொடுக்க ஒரு முதலாளி தயாராக இருந்தால், கேட்டலிலும் பேசுவதிலும் 5 போதும் என்று பிரான்கோஃபோன் மொபிலிட்டி என்றொரு வேலை அனுமதி உண்டு. முதலாளி கிடைப்பதுதான் பாடு.

[திரையில்: கேட்டல் 7.5 → 8.0 = 45 புள்ளி]

இப்போது ஆங்கிலம். நாம்தான் ஆங்கில மீடியமாயிற்றே என்று இதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். கல்லூரியில் வாங்கும் ‘ஆங்கில வழிக் கல்வி’ சான்றிதழைக் குடியேற்றத் துறை எடுத்துக்கொள்ளாது, தாய்மொழியே ஆங்கிலம் என்பவரும் தேர்வு எழுதுகிறார். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், 2024 ஜனவரி கடைசியிலிருந்து பிடிஇ கோர், இந்த மூன்றில் ஒன்று. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் கிடையாது. தவறிய ஒரு திறனை மட்டும் திரும்ப எழுதும் வசதி ஐஇஎல்டிஎஸ்ஸில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அந்த மதிப்பெண்ணையும் இங்கே ஏற்க மாட்டார்கள்.

‘நான்கிலும் 7 வாங்கிவிட்டேன்’ என்று சந்தோஷமாக வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது கேட்டல் மதிப்பெண்ணைத்தான். வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7 என்றால் சிஎல்பி 9. கேட்டலில் 7 என்றால் வெறும் சிஎல்பி 7, அங்கே 9 வேண்டுமென்றால் 8.0 வாங்க வேண்டும். இளநிலைப் பட்டம், இந்தியாவில் மூன்று வருட வேலை, தனியாள் என்று ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் 9-இல் இருக்க, கேட்டல் மட்டும் 7.5-இலிருந்து 8.0 ஆனால், அந்தத் திறனுக்கு நேரடியாக 8 புள்ளி, படிப்பும் மொழியும் சேர்ந்து வரும் பகுதியில் 12, வேலையும் மொழியும் சேர்ந்து வரும் பகுதியில் 25. ஆக 45. அரை பேண்டுக்கு 45 புள்ளி! பிரெஞ்சில் 7-இலிருந்து 9-க்கு ஏறினால் 12தான் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதை முதலில் எழுதுவது? பிரெஞ்சை. இரண்டு மதிப்பெண்ணும் இரண்டு வருடம்தான் செல்லும், அழைப்பு வந்து பிஆர் விண்ணப்பம் போடும் அன்றும் இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் முதலிலேயே ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு, அப்புறம் போய் பிரெஞ்சு அ ஆ தொடங்குகிறவருக்கு, பிரெஞ்சில் 7 கைக்கு வரும் நேரத்தில் ஆங்கிலம் காலாவதியாகிவிடும், இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும்.

[திரையில்: பிஆர் கையில், உரிமம்?]

இதுவரை சொன்னதெல்லாம் நாட்டுக்குள் நுழைய. நர்ஸ், டாக்டர், ஃபார்மசிஸ்ட், ஆசிரியர், இன்ஜினியர் என்றால் வேலை பார்க்க மாகாணத்தின் உரிமம் வேறு வேண்டும், அங்கேதான் ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் கொடுக்கும் அமைப்புக்குப் புள்ளி விளையாட்டெல்லாம் தெரியாது, இரண்டு மொழி தெரிந்தால் போனஸும் கிடையாது. நோயாளியிடம் பேசும் மொழியில் உங்களுக்குப் போதுமான தேர்ச்சி இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. ஒன்டாரியோவில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, ஏதாவது ஒன்றில் நிரூபித்தால் போதும்.

எந்தத் தேர்வு என்பதில்தான் குழப்பம். உரிமத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் கேட்கும் அமைப்புகள் இன்னும் இருக்கின்றன, பிஆருக்கு ஜெனரல். நர்ஸுகளுக்கென்றே செல்பான் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை வைத்துப் பிஆர் வாங்க முடியாது. ஒன்டாரியோ மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கருணை காட்டியது: 2023 ஜனவரியிலிருந்து, குடியேற்றத்துக்கு ஏற்கப்படும் மொழித் தேர்வுகளை அங்குள்ள சுகாதாரத் தொழில் ‘கல்லூரிகளும்’ (உரிமம் தரும் அமைப்புகளுக்கு அங்கே அதுதான் பெயர்) ஏற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆனால் தேர்வைத்தான் ஏற்கிறார்கள், எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதை அந்தந்த அமைப்பே வைத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், படிப்பே ஆங்கிலத்தில்தான், வேலையும் ஆங்கிலத்தில்தான் என்று காட்டினால் தேர்வே வேண்டாம் என்று விடும் உரிம அமைப்புகளும் உண்டு. குடியேற்றத் துறை குப்பையில் போட்ட அதே கல்லூரிச் சான்றிதழ் இங்கே காப்பாற்றும், அதனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்த மாகாணம் என்று முடிவு செய்துவிட்டு, அந்த அமைப்பின் பக்கத்தைப் படித்துவிட்டு, அப்புறம் தேர்வைத் தேர்ந்தெடுங்கள்.

கியூபெக் தனிக் கதை. முதலில், எக்ஸ்பிரஸ் என்ட்ரி கியூபெக்கில் குடியேற நினைப்பவருக்கானது இல்லை, அவர்களுக்கென்று தனித் தேர்வு முறை இருக்கிறது. ஆனாலும் பிஆர் வாங்கியபின் மாண்ட்ரியலுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், கோட் டெ நேஜ் பக்கம் சொந்தக்காரர்கள், கடைகள், கோயில் என்று நம் ஆட்களுக்கு ஒரு உலகமே அங்கே இருக்கிறது. அங்கே நர்ஸ் உரிமம் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் நீங்கள் என்ன கிழித்திருந்தாலும் செல்லாது. 1977-இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 35-ஆவது பிரிவு, தொழிலுக்குத் தேவையான பிரெஞ்சு தெரியாதவருக்கு எந்தத் தொழில் அமைப்பும் நிரந்தர உரிமம் கொடுக்கக் கூடாது என்கிறது. பிரெஞ்சு வழியில் உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேலோ முழுநேரமாக மூன்று வருடம் படித்திருந்தால் விடுவார்கள், இல்லையென்றால் பிரெஞ்சு மொழி அலுவலகம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். குடியேற்றத்துக்கு எழுதிய டெஃப் தாளை நீட்டினால் அங்கே வேலை நடக்காது. மற்ற தகுதியெல்லாம் இருந்து மொழி மட்டும் குறைகிறது என்றால், அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத் தற்காலிக உரிமம் கிடைக்க வாய்ப்பு உண்டு, புதுப்பிப்பதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக நம் ஆட்களுக்கென்றே இருக்கும் ஒரு தொல்லை, பெயர். இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட், விரிக்காத பட்டம், குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் திரிகிறோம். ஐஇஎல்டிஎஸ் ஒரு பெயரிலும் டெஃப் வேறு வரிசையிலும் வந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கக் கடிதம் எழுதி நிற்க வேண்டும், உரிமம் தரும் அமைப்பு பட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் சிக்கல். பாஸ்போர்ட்டில் திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே மாதிரி இரண்டு தேர்வுக்கும் பதிவு செய்யுங்கள், பணம் கட்டும் பொத்தானை அதற்கப்புறம் அழுத்துங்கள்.