நாலு இஞ்சு அலகு போதும்

வணக்கம் நேயர்களே. வேட்டைக் கத்தி பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் பொழுதுபோக்கு வேட்டைக்கு நம்ம காட்டுல இடமில்ல, அது அப்படியே இருக்கணும்னு நினைக்கிற ஆளு நான். ஆனா வேட்டைக்காரங்களுக்காகன்னு உலகம் பூரா யோசிச்சு யோசிச்சு செஞ்சாங்களே ஒரு கத்தி, அதே கத்திதான் இன்னிக்கு காசிமேட்டுலேந்து கடலுக்குப் போறவங்களுக்கும், பழவேற்காடு பக்கம் டென்ட் போட்டு தங்குற பசங்களுக்கும், மாதவரத்துலேந்து லாரி எடுத்துக்கிட்டு ராத்திரி பூரா ஓட்டுறவங்களுக்கும் வேணும். வெளியில இருக்கும்போது கையில வேற டூலே கிடையாது, கயிறு அறுக்கணும், மீன் கழுவணும், குச்சி சீவணும், தார்ப்பாய் கிழிக்கணும், எல்லாத்துக்கும் ஒரே கத்தி. அது எப்படி இருக்கணும்ன்றதுதான் பேச்சு.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல டூல் ரூம்ல இருந்தவன். ஸ்டீலைக் கடையறது, காய்ச்சுறது, ஹார்ட்னஸ் பார்க்கிறதுன்னே போன சர்வீஸ். அதனால தெருவுல இருக்கிற பசங்க போன்ல கத்தி படம் காட்டி, அங்கிள் இது வாங்கலாமான்னு கேட்பாங்க. காட்டுறது எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும், பத்து இஞ்சு அலகு, முதுகுல ரம்பப் பல்லு, பிடிக்குள்ள காலியா இருக்கும், அதுல தீப்பெட்டியும் தூண்டி முள்ளும், மூடியில ஒரு காம்பஸ். வேணாம்பான்னுதான் சொல்வேன். பிடி காலியா இருந்தா அலகும் பிடியும் சேர்ற இடத்துல ஒரு சின்ன நட்டு மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கும், ஒரு தடவை ஓங்கி வெட்டினா அங்கதான் போகும். அலகோட இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஒரே துண்டா போகணும், ரெண்டு பக்கமும் கட்டையோ ரப்பரோ வச்சு ரிவிட் அடிச்சிருக்கணும், இதுல எனக்கு மாத்து கருத்தே கிடையாது.

நீளத்துக்கு சட்டமும் இருக்கு. 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோன்னு செய்யாத கத்தியா இருந்தா ஆயுத விதிகள் அதை ஆயுதக் கணக்குலதான் வைக்குது. நம்ம ஏரியா பையன் அப்படி ஒண்ணை பையில வச்சுக்கிட்டு பீச் ஸ்டேஷன்ல இறங்கினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வடசென்னைன்னாலே கத்தின்னு எழுதுறவங்களும் படம் எடுக்கிறவங்களும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா இங்க கத்தியை வச்சு நேர்மையா சோறு சாப்பிடுற குடும்பம் எவ்ளோன்னு விடிகாலையில காசிமேட்டுக்கு ஒரு தடவை வந்து பார்த்தா தெரியும்.

அங்க ஃபைபர் போட் வச்சிருக்கிற தம்பி ஒருத்தன் எனக்குப் பழக்கம். ஒரு நாள் ஏழு இஞ்சு ஃபாரின் கத்தி ஒண்ணை அவன்கிட்ட காட்டினேன். கையில வாங்கி ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "இன்னாண்ணா, நல்லாதான் கீது, ஆனா இத்த வச்சினு போட்ல எங்க திரும்புறது? மெஷின்ல வலை சுத்திக்கிச்சுன்னா ஒரு கை போட்ட பிடிச்சினு இருக்கும், ஒரு கைலதான் அறுக்கணும், அலை அடிச்சா இது என் தொடையிலதான் ஏறும்"னான். அவன் கத்தியைக் காட்டினான். இரும்பு அறுக்கிற மெஷின் ரம்பம், பவர் ஹேக்ஸான்னு சொல்வாங்க, அதோட பிளேடு உடைஞ்ச துண்டு, நாலு இஞ்சுதான் வெளியில தெரியும், பிடிக்கு சைக்கிள் ட்யூப் சுத்தி மேல சிவப்பு டேப், தண்ணி நிக்கிற போட் அடியில விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியணும்னு. முனையைக் கூராவே விடல, மழுக்கி வச்சிருக்கான். இதை நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, பாய்மரக் கப்பல் காலத்துலேந்தே மாலுமிங்க கத்திக்கு முனை மழுங்கலாதான் இருக்கும், ஆடுற கப்பல்ல கூர் முனை தன் மேலயோ பக்கத்துல நிக்கிறவன் மேலயோதான் பாயும். இந்தத் தம்பிக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கல, வேலை சொல்லிக் கொடுத்திருக்கு.

இப்ப வேட்டைக் கத்தின்னு அமெரிக்காவுல பேசினாலே முதல்ல வர்ற பேரு பாப் லவ்லெஸ், கத்தி செய்யுறவர். 1929ல பொறந்து 2010ல இறந்தார். அவரும் கடல் ஆளுதான், சரக்குக் கப்பல்ல வேலை பார்த்தவர். 1950கள்ல நியூயார்க்ல ஒரு பெரிய கடைக்குப் போய் ராண்டால் கத்தி கேட்டிருக்கார், அது அப்போ ரொம்ப பேர் போன கத்தி, மாசக்கணக்குல காத்திருக்கணும்னு சொல்லிட்டாங்க. சரி நானே செஞ்சுக்கிறேன்னு பழைய இரும்புக் கடையில 1937 மாடல் பேக்கார்ட் காரோட ஸ்பிரிங் பட்டை ஒண்ணை எடுத்துக்கிட்டு, கப்பல் சமையல்கட்டு அடுப்புலயே காய்ச்சி அடிச்சு முதல் கத்தியைச் செஞ்சார். கார் பட்டை, கப்பல் அடுப்பு, இதைப் படிச்சப்போ எனக்கு எண்ணூர் ஞாபகம்தான் வந்துச்சு, லாரி வண்டி செய்யுற ஊரு, மணலி பக்கம் ஒர்க்‌ஷாப் வாசல்ல எல்லாம் உடைஞ்ச லாரி பட்டை குமிஞ்சு கிடக்கும்.

லவ்லெஸ் கொண்டாந்த பெரிய விஷயம் முனையை இறக்கினது. முதுகு நேரா போகாம முனைகிட்ட மெதுவா கீழ இறங்கும், அதனால முனை கத்தியோட நடு கோட்டுக்குப் பக்கமா வந்துடும். மிருகத்தோட வயித்தைத் திறக்கும்போது குடல்ல குத்திடாம இருக்கத்தான் அது, குடல் கிழிஞ்சா கறி பூரா வீண். நமக்கு மான் வேணாம், ஒரு பெரிய வஞ்சிரத்தை எடுத்து அடியில கீறிப் பாருங்க, மேல தூக்கின முனை இருந்தா உள்ள பித்தப்பையில பட்டு கசப்பு ஏறிடும், இறங்கின முனைன்னா விரலை முதுகு மேல வச்சுக்கிட்டு தோலை மட்டும் திறந்துக்கிட்டே போகலாம். கரையில இருக்கிறவங்களுக்கு இந்த வடிவம், போட்ல போறவங்களுக்கு மழுங்கின முனை, என் முடிவு இதுதான்.

அடுத்தது கனம், இங்கதான் நிறைய பேரு காசை விடுறாங்க. கனமா இருந்தா ஸ்ட்ராங்னு நினைச்சு அஞ்சு மில்லி, ஆறு மில்லி முதுகு வாங்குறாங்க, வாங்கிட்டு ஒரு உருளைக்கிழங்கு கூட ஒழுங்கா அறுக்க முடியாது, அறுக்காது, பிளக்கும். ஸ்வீடன்ல மோரான்னு ஒரு ஊரு, அங்க 1891லேந்து கத்தி செய்யுறாங்க, அவங்க கம்பேனியன்னு விக்கிற கத்தி அலகு 104 மில்லி நீளம், 2.5 மில்லிதான் கனம், பிளாஸ்டிக் பிடி, பார்க்க ஒண்ணுமே இல்ல. உலகத்துல காட்டுக்குப் போறவங்கள்ல எத்தனையோ பேரு மத்த காஸ்ட்லி கத்தியை எல்லாம் வீட்டுல வச்சுட்டு அதைத்தான் இடுப்புல மாட்டுறாங்க. 2.5லேந்து 3 மில்லி போதும், முக்கியமா கூருக்கு நேர் பின்னாடி அரை மில்லிதான் இருக்கணும், முதுகு எவ்ளோன்றதை விட அந்த இடம்தான் வெட்டுறதை முடிவு பண்ணுது.

சரி, ஸ்டீலு. இதுல பேரு கேட்டே மயங்கிடுறாங்க. கடல் பக்கம்ன்றதால எல்லாரும் முதல்ல துரு பிடிக்காததுதான் கேட்பாங்க, நியாயம்தான், ராயபுரத்துல ஜன்னல் கம்பியே நிக்காது. ஆனா கிச்சன்ல இருக்கிற 304 எவர்சில்வர் எவ்ளோ காய்ச்சி முக்கினாலும் கடினமாகாது, அதுல கத்தி வராது. கடைக்குப் போகும்போது ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க, அலகுல ஒட்டலைன்னா வச்சுட்டு வந்துடுங்க. ஒட்டினா மட்டும் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, ஒட்டலைன்னா நிச்சயம் வேணாம். வரி வரியா டிசைன் போட்டு டமாஸ்கஸ்னு ஒண்ணு ஆன்லைன்ல வருது, அது ரெண்டு வகை ஸ்டீலை மடிச்சு அடிச்சு ஆசிட்ல முக்கி எடுத்த வரி. பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் போனது தென்னிந்தியாவுல மண் மூசையில, அதாவது மண் குடுவையில உருக்கின எஃகு, அதை 1819லயே மைக்கேல் ஃபாரடேன்ற விஞ்ஞானி லண்டன்ல உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கார், நம்ம ஊரு சரக்கு எப்படி இவ்ளோ நல்லா இருக்குன்னு அவங்க மண்டையைப் பிச்சுக்கிட்ட காலம் அது, அந்தப் பேரை இப்படி மலிவா விக்கிறது எனக்குப் பிடிக்கல.

நான் சொல்றது லாரி பட்டை. அதுல கார்பன் 0.5லேந்து 0.6 சதவீதம் இருக்கும், கூட சிலிக்கன், மாங்கனீஸ். துரு பிடிக்கும், ஆனா தட்டினா உடையாது, சாணை சீக்கிரம் ஏறும். நல்ல பட்டறைக்காரர் ஒருத்தர் இருந்தா போதும். காந்தம் ஒட்டாம போற சூடு சுமாரா 770 டிகிரி, அதுக்கும் கொஞ்சம் மேல ஏத்தி, லேசா சூடு பண்ணி வச்ச எண்ணெயில நேரா இறக்கணும், தண்ணியில வேணாம், விரிசல் விடும். அப்போ அது கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ விழுந்தா உடைஞ்சிடும். இங்க நிறுத்திட்டு சாணை பிடிச்சுக் கொடுத்துடுற இடங்கள் இருக்கு, அது பாதி வேலைதான். திரும்பவும் 200 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சு அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இறக்கணும், கேக் செய்யுற ஓவன்லயே வைக்கலாம், வெளிய வரும்போது தேய்ச்ச இடம் வைக்கோல் நிறத்துல இருக்கும். நீலம் வந்துச்சுன்னா அதிகமா இறங்கிடுச்சு, ஸ்பிரிங்குக்கு சரி, கத்திக்கு கூர் நிக்காது.

ஹேக்ஸா பிளேடு கத்தி வேற கதை. ஹை ஸ்பீடு ஸ்டீல், அதுல டங்ஸ்டன், மாலிப்டினம் எல்லாம் இருக்கிறதால சாணையில சூடேறினாலும் அவ்ளோ சீக்கிரம் கடினம் இறங்காது, அதனாலதான் உலையே இல்லாதவங்க கூட அதுல கத்தி செய்ய முடியுது. கூரும் நாள் கணக்கா நிக்கும். ஆனா நெம்பினா பட்டுனு போயிடும். அப்புறம் சில பிளேடுல பல்லு மட்டும்தான் ஹை ஸ்பீடு, உடம்பு சாதா ஸ்டீல், அது உதவாது, அரத்தை உடம்புல தேய்ச்சுப் பாருங்க, வழுக்கிக்கிட்டு போனா நல்லது, கடிச்சா வேணாம்.

கத்தி கைக்கு வந்ததும் நான் செய்யுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. கால் இஞ்சு பித்தளை கம்பியை வைஸ்ல படுக்கப் பிடிச்சு, கூரை அது மேல சாய்ச்சு வச்சு மெதுவா அழுத்தணும். ட்யூப் லைட் வெளிச்சம் பின்னாடி இருக்கட்டும். அந்தக் கூர் விளிம்பு தலைமுடி கனத்துக்கு லேசா வளையறது கண்ணுக்கே தெரியும், கையை எடுத்ததும் திரும்ப நேராகணும். வளைஞ்சது அப்படியே நின்னா மெத்து, பொடிப்பொடியா தெறிச்சா ஓவர் கடினம். வளைஞ்சு திரும்பினா அந்த பட்டறைக்காரருக்குக் கும்பிடு போடலாம், நான் போட்டிருக்கேன்.

சாணை பத்தி ஒரே விஷயம். தெருவுல வர்றவர்கிட்ட கொடுங்க, நல்லா பண்றவங்க இருக்காங்க, ஆனா அடிக்கடி தண்ணியில முக்கச் சொல்லுங்க, விளிம்பு நீலமானா அந்த இடத்துல பதம் போச்சு. வீட்டுல செய்யணும்னா கார்பரண்டம் கல்லே போதும், அந்தக் கல்லுக்குன்னே நம்ம திருவொற்றியூர்ல பெரிய ஃபேக்டரி இருக்கு, 1954ல தொடங்கின கம்பெனி. கோணம் தெரியலைன்னா ஒரு பேப்பர் மூலையை பாதியா மடிங்க, திரும்பப் பாதியா மடிங்க, 22.5 டிகிரி வரும், அதுக்குக் கொஞ்சம் கீழ சாய்ச்சு ரெண்டு பக்கமும் தேய்ங்க, பிசிறு வரணும், அப்புறம் பழைய பெல்ட்டுல இழுத்து அந்தப் பிசிறை எடுக்கணும். நகத்து மேல வச்சா வழுக்காம பிடிச்சா முடிஞ்சுது.

உறைக்கு தோலு அழகுதான், ஆனா உப்புக்காத்துல தோலு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அலகை உள்ளேயே தின்னுடும். ஒன்றரை இஞ்சு பிவிசி பைப்பை நீளவாக்குல ஒரு பக்கம் அறுத்து, சூட்டுல காட்டினா துணி மாதிரி இளகும், கத்திக்கு ரெண்டு சுத்து பேப்பர் சுத்தி உள்ள வச்சு ரெண்டு பலகைக்கு நடுவுல அழுத்திப் பிடிங்க, ஆறினதும் அதே வடிவத்துல நிக்கும், ஓரத்துல ரிவிட் அடிச்சுடலாம். அடியில ஒரு ஓட்டை போட மறந்துடாதீங்க, தண்ணி இறங்கணும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. பழைய பட்டை யாராவது வச்சிருந்தா தூக்கிப் போடாதீங்க, பக்கத்து பட்டறையில ஒரு வார்த்தை கேளுங்க. நன்றி, வணக்கம்.